இறக்கம் வராத மைதானம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது, எந்த ஸ்டாப் வாட்ச் வாங்கலாம் டீச்சர் என்றுதான். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், எல்லாம் ஒரே நேரத்தைத்தான் காட்டும் என்பேன். முகம் விழுந்துவிடும். ஓய்வு பெற்ற கிழவி ஏதோ ரகசியம் சொல்வாள் என்று ஏற்காடு வரைக்கும் பஸ் ஏறி வந்தவர்களுக்கு இது போதாதுதான். அதனால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதில் பயிற்சி முறை எதுவும் இருக்காது. அதையெல்லாம் நீங்கள் கல்லூரியில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது எனக்கு வாய்த்த பி.டி. சாரைப் பற்றி. அவர் பேரை எழுதப்போவதில்லை. பேரைப் போட்டால் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தியது மாதிரி ஆகிவிடும், அது அவருக்குப் பிடிக்காது.

நான் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் பிறந்தவள். அம்மா பழம் பறிப்பாள். அப்பா நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பார். எழுபதுகளில் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். ஜீப்பில் இடம் கிடைத்தால் ஜீப், இல்லாவிட்டால் நடை. எஸ்டேட் கூலி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள் பத்தாவது வரை வந்தாலே பெரிய விஷயம், அதற்கப்புறம் எல்லாருக்கும் பறிப்புக் கூடைதான். என் அம்மா எனக்கு ஒரு கூடையை அப்போதே பார்த்து வைத்திருந்தாள்.

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நான் நாலாவதாக வந்தேன். முதல் மூன்று பேருக்குத் தட்டும் டம்ளரும் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் கிடையாது. ஓடி முடித்தவர்கள் எல்லாரும் புல்லில் விழுந்து கிடந்தபோது சார் பக்கத்தில் வந்து, இன்னொரு தடவை ஓடச் சொன்னால் யார் ஓடுவீர்கள் என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஓடலாங்க சார் என்று எழுந்து நின்றேன். அவ்வளவுதான் நடந்தது. அன்றே தலைமை ஆசிரியையிடம் போய், எஸ்தர் எண்ணூறு மீட்டருக்கென்றே பிறந்த பிள்ளை என்று சொல்லியிருக்கிறார். நாலாவதாக வந்த பிள்ளையா என்று அந்த அம்மா கேட்டாராம். ஆமாங்க, அந்த நாலாவதுதான் என்றாராம் இவர்.

அந்த வருடமே என்னைச் சேலத்துக்கு மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போனார். அங்கே நான் பட்ட அவமானம் உங்களில் யாருக்கும் வரக்கூடாது. துப்பாக்கி வெடித்ததும் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். வளைவு தாண்டி எதிர்ப்பக்க நேர்பாதைக்கு வந்ததும் கால் தானாக ஓய்ந்தது. நான் ஓயச் சொல்லவில்லை. மூன்று பேர் என்னைத் தாண்டினார்கள். இந்தப் பக்கம் வந்ததும் உயிரைக் கொடுத்து ஓடி அவர்களைப் பிடித்தேன். அடுத்த சுற்றிலும் எதிர்ப்பக்கம் போனதும் அதே கதை. கடைசியில் எத்தனையாவதாக வந்தேன் என்று யாரும் பார்க்கக்கூட இல்லை. பொண்ணு பயந்துட்டா என்றார் ஒருவர். சோம்பேறிக் கால் என்றார் இன்னொரு பள்ளி மாஸ்டர், என் காதில் விழும்படியாகவே. மலை ஏறும் வரை சார் வாயைத் திறக்கவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்து பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் என்னைப் பள்ளி மைதானத்துக்கு வரச் சொன்னார். எங்கள் மைதானத்தை நீங்கள் பார்த்திருந்தால் மைதானம் என்றே சொல்ல மாட்டீர்கள். மலைச்சரிவை வெட்டி யாரோ அரை மனதோடு சமன் செய்த இடம். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். சார் ஒரு கால்பந்தை எடுத்துக்கொண்டு என்னோடு மெதுவாகச் சுற்றி நடந்தார். எதிர்ப்பக்க நேர்பாதை தொடங்கும் இடத்தில் நின்று பந்தைத் தரையில் வைத்தார். அது தானாக உருள ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அது அந்தப் பக்கம் முழுவதும் உருண்டுபோய் வேலியில் முட்டி நின்றது.

"பாத்தியா கண்ணு, இங்க எறக்கம். தினமும் இங்க வந்தா கால விட்டுட்டு மூச்சு வாங்கிக்கற. அக்கட்ட மேட்டுல ஏறுறப்ப எல்லாத்தையும் போட்டு ஓடற. சேலத்து கிரவுண்டுல எறக்கம் இல்ல. உன்ற காலு எறக்கத்துக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு, அது வரல. தோத்தது நீயில்ல, இந்த கிரவுண்டு" என்றார்.

அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. பயந்தவள், சோம்பேறி என்று இரண்டு பேர் பட்டம் கட்டிவிட்டார்கள். அவர் மட்டும் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து என் கால் எங்கே பழகியது என்று தேடிப் போயிருக்கிறார். உங்களிடம் ஒரு பிள்ளை தோற்றுவிட்டு வந்தால் உடனே அதற்கு ஒரு குணத்தைக் கண்டுபிடித்து ஒட்டாதீர்கள். அது ஓடிப் பழகிய தரையை முதலில் போய்ப் பாருங்கள். என் பணிக்காலம் முழுக்க நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான், அதுவும் அவரிடமிருந்து எடுத்தது.

சரி, குறை தெரிந்துவிட்டது, சமதரைக்கு எங்கே போவது? மலையில் சமமாக இருக்கும் இடம் ஏரித் தண்ணீர்தான் என்று சார் கேலியாகச் சொல்வார். கடைசியில் அவர் கண்ணில் பட்டது எங்கள் எஸ்டேட்டின் காப்பிக் களம். பழத்தை உலர்த்துவதற்காகச் சிமெண்ட் போட்டு வழவழவென்று தேய்த்து வைத்திருந்த பெரிய முற்றம். காப்பி காயும் மாதங்களில் அதில் ஈ, காக்கை நடக்க முடியாது. மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும். சார் எஸ்டேட் ரைட்டரைப் போய்ப் பார்த்தார். கணக்கு எழுதுகிறவர் என்றாலும் களத்துக்கு அவர்தான் ராஜா. பொட்டப்புள்ள களத்துல ஓடுனா பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க என்று முதலில் இழுத்தார். நாலைந்து முறை நடந்த பிறகு, செருப்பு, ஷூ எதுவும் கூடாது, வெறுங்கால் என்றால் சரி என்று இறங்கி வந்தார். எனக்கு ஷூ இருந்தால்தானே.

இன்று உங்களில் யாராவது ஒரு பிள்ளையைச் சிமெண்டில் ஓடவிட்டால் நானே வந்து திட்டுவேன். அன்று எங்களுக்கு வேறு வழி இல்லை. காப்பி காயும் மாதங்கள் போக ஒரு வருடம் அந்தக் களத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். கணுக்கால் வீங்கும், அம்மா உப்பு போட்ட வெந்நீர் வைத்துக் கொடுப்பாள், திட்டிக்கொண்டேதான் கொடுப்பாள். சார் எப்போதும் களத்தின் எதிர்ப்பக்கத்தில் நிற்பார். போட்டிகளிலும் அப்படித்தான். மற்ற மாஸ்டர்கள் எல்லாரும் முடிவுக்கோட்டில் கூட்டமாக நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். இவர் ஆளே இல்லாத அந்தப் பக்கத்தில் தனியாக நின்று, நான் கடக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"எறக்கம் வராது கண்ணு, ஓடு."

அடுத்த வருடம் வட்டாரப் போட்டியில் நான் முதலாவதாக வந்தேன். இரண்டாவதாக வந்த பெண் எனக்கு வெகு தூரம் பின்னால் இருந்தாள். இனி மாவட்டப் போட்டி ஒன்றுதான் பாக்கி. அதில் முதல் இரண்டு இடத்துக்குள் வரும் பெண்களைச் சமவெளியில் ஒரு பள்ளிக்கூடம் தன் விடுதியில் சேர்த்துக்கொள்ளும். சாப்பாடு, படிப்பு, ஓட்டம் மூன்றும் அவர்கள் பொறுப்பு. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். வந்தால் விடுதி, வராவிட்டால் கூடை. இதற்கு நடுவில் வேறொன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும்.

போட்டிக்கு முந்தின நாளே கீழே இறங்கிவிடுவது சாரின் வழக்கம். மலைப் பிள்ளைகளுக்கு இறங்கினதும் காது அடைக்கும், வெயில் தலையைச் சுற்றும், ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்பார். அந்த வருடம் முந்தின நாள் நல்ல மழை. சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். விடிந்ததும் முதல் பஸ் போய்விடும், ஓட்டம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்தானே என்றார்கள். விடிகிற நேரத்துக்கு நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டில் இருந்தோம். பஸ் நின்றுகொண்டிருந்தது, போகவில்லை. கீழே ஒரு வளைவில் மண்ணோடு மரம் சரிந்து ரோட்டில் கிடக்கிறதாம், அறுத்துக்கொண்டிருக்கிறார்களாம். மண் இன்னும் சரிந்துகொண்டிருந்ததால் ஆளையும் அந்தப் பக்கம் கடக்கவிடவில்லை. ஒரு மணி நேரத்துல உட்ருவாங்க சார் என்றார் டிரைவர்.

இன்னொரு வழி இருந்தது. ரோடு போடுவதற்கு முன்னால் ஆட்கள் ஏறி இறங்கிய பழைய பாதை, செங்குத்தாக அடிவாரம் வரைக்கும் போகும். மழைக்கு வழுக்கும் என்றாலும் எஸ்டேட் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். அடிவாரத்தில் சேலத்துக்கு பஸ் இருக்கும். அப்போதே கிளம்பினால் போட்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்னொரு பள்ளி மாஸ்டர் தன் பையன்களோடு வந்தார், நிலவரத்தைக் கேட்டார், வாங்க சார் நடந்துரலாம் என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் பையன்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

சார் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"நடந்தா நாம போய்ச் சேந்துருவோம் கண்ணு. காலு போய்ச் சேராது. அவ்வளவு எறக்கம் எறங்குனா தொடை விட்டுப்போயிரும், அந்தக் காலோட எண்ணூறு ஓட முடியாது. பஸ் வரும். உக்காரு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இது மாதிரி ஒரு காலைப் பொழுது உங்கள் எல்லாருக்கும் வரும். காத்திருப்பது என்று முடிவு செய்தால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நேரம் ஆக ஆக மற்ற வழி அடைபட்டுக்கொண்டே வரும். முதல் ஒரு மணி நேரம் போனது. இன்னும் கொஞ்சங்க சார் என்றார் டிரைவர். அப்போதும் நடக்கலாம், ஆனால் ஓட்டமும் நடையுமாக இறங்க வேண்டும், கால் இன்னும் மோசமாகப் போகும். முதலில் எதற்காக நடக்க வேண்டாம் என்றாரோ அந்தக் காரணம் இப்போது இரண்டு மடங்காகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நடந்தாலும் போய்ச் சேர முடியாது என்று ஆகிவிட்டது. சார் ஏரிக்கரை ரோட்டையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். கழுத்தில் கிடந்த விசிலைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தார்.

பஸ் கிளம்பியது, ஆனால் வளைவுக்கு வளைவு நின்றது. கீழே காத்துக் கிடந்த வண்டிகள் எல்லாம் முதலில் ஏற வேண்டுமல்லவா. மைதானத்துக்குள் நாங்கள் ஓடி நுழைந்தபோது எண்ணூறு மீட்டர் ஓடிய பெண்கள் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் பேரை மைக்கில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்களாம். வட்டாரத்தில் எனக்குப் பின்னால் வந்தாளே, அவள்தான் இரண்டாவது.

சார் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று கெஞ்சினார். ரோடு அடைந்துபோனதைச் சொன்னார். பிள்ளை தனியாக ஓடட்டும், நேரத்தைப் பாருங்கள், நேரம் நன்றாக இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போட்டி நடத்திய அதிகாரி நல்ல மனிதர். எழுந்து நின்றுதான் பேசினார்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க சார். ஓடி ஜெயிச்ச அந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க?"

அதிகாரியாக நானே பின்னால் பல போட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன், நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சார் நடந்துபோய் எதிர்ப்பக்க நேர்பாதைக்கு அருகில், எப்போதும் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்புப் பண்ணிட்டேன் கண்ணு என்றார். அவர் செய்தது தப்பா சரியா என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு என்ன தெரியும். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அந்த அழுகையைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொரு கொடுமை நடந்தது. நடந்து இறங்கிய பையன்களில் ஒருவன் குண்டு எறிதலில் பதக்கம் வாங்கிவிட்டான். ஊர் முழுக்க அதே பேச்சு. அந்த மாஸ்டர் துணிச்சலாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனார், பதக்கத்தோடு வந்தார். இவர் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தார், வெறுங்கையோடு வந்தார். குண்டு எறிகிறவனுக்கும் கால் வேண்டும்தான், ஆனால் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவளுக்கு வேண்டிய கால் வேறு என்று டீக்கடையில் யாரிடம் போய் விளக்குவது? அந்த மாஸ்டரின் பையன்களில் ஓடப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கு வந்து சேர்ந்தது பதக்கம் மட்டும்தான்.

பத்தாவது முடித்தேன், கூடையைக் கட்டிக்கொண்டேன். சார் என்னை விடவில்லை. பறிப்பு முடிகிற நேரம் பார்த்து லைன் வீட்டுக்கு வந்துவிடுவார். வாசலிலேயே நின்று அப்பாவிடம் பேசுவார். அப்பா மரியாதையான மனிதர்தான், ஆனால் அன்று அவருக்கும் மனசு விட்டுப்போயிருந்தது.

"ஏனுங்க சார், இம்புட்டு ஓடி என்னத்தக் கண்டோமுங்க? புள்ளைக்குக் கால் வீங்குனதுதான் மிச்சமுங்க."

"அது ஓடுனது போதுமுங்க. இனி மத்த புள்ளைங்கள ஓட வெக்கறதுக்கு இந்தப் புள்ள வேணுமுங்க. ஊட்டுக்குள்ள உக்கார வெச்சுறாதீங்க" என்றார் சார்.

அப்பா உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் காப்பியும் அவருக்கு ஒரு டம்ளரும் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம். மேலே படித்தேன், உடற்கல்விப் பயிற்சி முடித்தேன், வேலைக்கு வந்தேன். நீங்கள் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறீர்களே, அந்த வார்த்தைக்குப் பின்னால் எங்கள் வாசலில் நின்ற அந்த மனிதர்தான் இருக்கிறார். அதற்கு நான் கும்பிட்டு நன்றி சொல்லியும் இருக்கிறேன். சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று அழுகிற கதை இல்லை இது. நான் சொன்னேன், அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. என் வருத்தம் அதுதான்.

எண்பதுகளில் மாறுதல் வாங்கிக்கொண்டு ஏற்காட்டுக்கே வேலைக்கு வந்தேன். சார் அதே பள்ளியில் கடைசி வருடங்களில் இருந்தார். மற்றவர்களுக்கு அவர் ஒரு பயந்த மாஸ்டராகத்தான் தெரிந்தார். ரிலே ஓட்டத்தில் எந்தப் பிள்ளையை முதலில் நிறுத்துவது என்பதற்குக்கூட நாலு பேரிடம் கேட்பார். மழை வருமா என்று டீக்கடையில் கேட்பார், பஸ் வருமா என்று கண்டக்டரைக் கேட்பார், அவர் வரும் என்றதும் டிரைவரையும் ஒருமுறை கேட்டுக்கொள்வார். போட்டிக்கு மூன்று நான்கு நாள் முன்னாலேயே பிள்ளைகளைக் கீழே இறக்கிவிடுவார், தாய்மார்கள் முணுமுணுப்பார்கள். சின்ன வயசு மாஸ்டர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. பந்தைத் தரையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையில் என் தலையெழுத்தைச் சொன்ன மனிதரை நான் பார்த்திருக்கிறேன். அன்று காலையில் பஸ் ஸ்டாண்டில் என் ஓட்டம் போனது, எனக்கு அதற்குப் பதில் வேறொன்று கிடைத்தது. அவருக்குப் போனது தன்மேல் இருந்த நம்பிக்கை. அதற்குப் பதிலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்று நடந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருடம் எல்லாரும் வாயால்தான் பேசினோம், காலால் பார்க்கவில்லை. என்னிடம் அப்போது செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். கிளியூரிலிருந்து வருவாள். என்னைவிட நல்ல ஓட்டக்காரி, இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவள் எண்ணூறு மீட்டர் எப்படி ஓடுவாள் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு சனிக்கிழமை, போட்டி எதுவும் இல்லாத நாளில், அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பழைய பாதையில் அவளை அழைத்துக்கொண்டு இறங்கினேன்.

"ஏனுங்க டீச்சர், பஸ்ஸுதான் ஓடுதே, எதுக்குங்க நடக்கறோம்?" என்று பாதி வழியில் கேட்டாள்.

ஒரு கணக்குப் பார்க்கணும் கண்ணு என்றேன். அடிவாரத்தில் பஸ் பிடித்துச் சேலம் மைதானத்துக்குப் போனோம். நான் சாரின் இடத்தில், எதிர்ப்பக்கத்தில், கடிகாரத்தோடு நின்றேன். முதல் சுற்றில் நன்றாகத்தான் வந்தாள். நன்றாக ஓடிவிட்டால் சாரிடம் நான் எந்த முகத்தோடு போவேன்? இரண்டாவது சுற்றில் என் முன்னால் வரும்போது தொடை இரண்டும் நடுங்கின. முழங்கால் மேலே ஏறவே இல்லை. முடிவுக்கோட்டைத் தாண்டினபோது கடிகாரம் காட்டியது அவள் நேரமே இல்லை, புதிதாக ஓட வந்த பிள்ளையின் நேரம்.

"காலு என்ற பேச்சக் கேக்கலீங்க டீச்சர்" என்று கீழே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி மாதிரி. பிறகு அவளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டுப் பழையபடி ஓடினாள், அந்த வருடம் மாவட்டத்தில் முதலாவதாகவும் வந்தாள். பஸ்ஸில் போய்த்தான்.

சாரிடம் உடனே போய்ச் சொல்ல நினைத்தேன். அதற்கு முன்பே அவர் ஓய்வு பெற்றுச் சேலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். செல்வியின் மாவட்டப் போட்டி முடியட்டும், நல்ல செய்தியோடு போகலாம் என்று காத்திருந்து போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மகள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் ஆதியிலிருந்து அந்தம் வரை சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது, பழைய சாராகிவிட்டார். எப்போது கிளம்பினீர்கள், பாதை ஈரமா காய்ந்ததா, பிள்ளை வழியில் சாப்பிட்டதா, எந்த வளைவில் கால் விட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கேட்டு முடித்து நெடுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். சரி, இத்தனை வருட பாரம் இறங்கிவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"நீங்க அன்னைக்குச் சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க சார். நடந்திருந்தா நான் தோத்திருப்பேன்" என்றேன்.

"அந்தப் புள்ள தோத்திருக்கும் கண்ணு. நல்ல புள்ளதான், நான் ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ வேற. நீ நடந்து எறங்கியிருந்தாலும் ஜெயிச்சிருப்ப."

நான் அவரோடு வாதாடினேன். செல்வி என்னைவிட நல்ல ஓட்டக்காரி என்று சொன்னேன். கடிகாரம் காட்டியதைத் திரும்பச் சொன்னேன். என் கால் எனக்குத் தெரியாதா சார் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் அதே சிரிப்புதான். விளையாட்டு விழாவில் நாலாவதாக வந்த ஒரு எஸ்டேட் பெண்ணை எந்த ஆதாரமும் இல்லாமல் நம்பினாரே, அந்த நம்பிக்கைக்கு இப்போது ஆதாரத்தைக் கொண்டுவந்து காட்டினால் மட்டும் போய்விடுமா? அதை விட்டுவிட்டு, நடந்திருந்தாலும் நான் தோற்றிருப்பேன் என்று ஒப்புக்கொண்டால்தான் அவர் தன்னை மன்னிக்க முடியும். அவர் விடுவதாக இல்லை.

நம் வேலையில் பிள்ளைகளை நம்புங்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். நம்பாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். அதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் இருந்ததை வைத்து நியாயமாக ஒரு முடிவு எடுத்தீர்கள், அது கைகொடுக்கவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்குக் காட்டிய தாராளத்தில் கொஞ்சத்தை உங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். என் சார் அதைச் செய்யவில்லை, அவருக்கு அதை எடுத்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை. சில வருடங்களில் அவர் காலமாகிவிட்டார்.

அன்று நான் கிளம்பும்போது வேண்டாம் என்றாலும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். ஏற்காடு பஸ் வரக் காணோம். அவர் ரோட்டோரம் போய் எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார், மறுபடி போனார். பக்கத்தில் நின்ற ஆளிடம் பஸ் வருமா என்று விசாரித்தார். எனக்கு ஒரு அவசரமும் இல்லீங்க சார், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதான், எப்போது வந்தாலும் போய்க்கொள்கிறேன் என்றேன். அதையும் அவர் நம்பவில்லை.